மொட்டைப் பாறையில் ஒரு கொம்பு

காட்டின் நடுவே ஒரு மொட்டைப் பாறை. முன்பொரு பஞ்சத்தில் எல்லா விலங்குகளும் அங்கே கூடி ஓர் உடன்படிக்கை செய்திருந்தன: ‘இந்தப் பாறை யாருக்கும் சொந்தமில்லை. ஆகவே நியாயம் இங்கேதான் கேட்கப்படும்.’ வழக்கோடு வருபவர் பாறையை நெற்றியால் தொட்டுவிட்டுப் பேச வேண்டும். காட்டெருமைதான் நடுவர்.

ஒரு நாள் பெண் அழுங்கு ஒன்று, உடலெங்கும் செதில் போர்த்திய எறும்புதின்னி, வழக்கோடு வந்தது. மான்கூட்டம் நடந்து நடந்து அதன் வளை இடியும் நிலை. உள்ளே செதில்கூட இறுகாத குட்டி!

வந்து பார்த்தால், நெற்றி தொடும் இடத்தில் பெரிய கொம்பு! மான்கள் தெய்வமாகக் கும்பிடும் ஆதிமானின் கொம்பு. அழுங்கு தயங்கி நின்றது.

“ம், தொடு தொடு!” என்று அதட்டியது, வழக்காளிகளைக் கூப்பிடும் மந்தி. “பந்தாகச் சுருளத் தெரிகிறது, குனியத் தெரியாதா?”

“சுருள்வது பயத்தில். நியாயம் கேட்க வந்த இடத்திலும் பயப்படச் சொல்கிறாயா?”

மான்களின் தலைவன் முன்னே வந்தது. “சும்மா அழகுக்கு வைத்தோம், அம்மா! கொம்பு வைக்கக் கூடாதென்று உடன்படிக்கையில் இருக்கிறதா? இந்தச் சின்ன விஷயத்துக்கா இத்தனை பேச்சு?”

“சின்ன விஷயமென்றால் எடுத்துவிடுங்கள். எடுக்க மனம் வரவில்லையென்றால் அது சின்ன விஷயமே இல்லை!” என்றது அழுங்கு. “உங்கள் ஆலமரத்தடியில் அந்தக் கொம்பு இருந்தவரை நானும் ஒதுங்கி, மரியாதையாகத்தான் போனேன். ஆனால் என் வழக்கே உங்கள்மேல்! உங்கள் தெய்வத்தைத் தொட்டுவிட்டு உங்களையே எப்படிக் குறை சொல்வேன்?”

“தொடாவிட்டால் வழக்கும் இல்லை, போ!” என்றது மந்தி.

அப்போது கூட்டத்திலிருந்து ஒரு பெண்மான் பேசியது. “நடுவரே, நான் தினமும் அந்தக் கொம்பைக் கும்பிடுகிறவள். எனக்கும் எங்கள் தலைவர்மேல் ஒரு வழக்கு உண்டு. கொம்பை இங்கே பார்த்ததும் வாய் திறக்காமல் திரும்பிவிட்டேன்.”

காட்டெருமை எழுந்து கொம்பின் அருகே வந்தது. “வைத்த அன்றே நான் தடுத்திருக்க வேண்டும்,” என்றது. கொம்பை மரியாதையோடு ஆலமரத்தடிக்கே அனுப்பிவைத்தது.

அழுங்கு வெறும் பாறையைத் தொட்டு வழக்கைச் சொன்னது. மான்களும் சொல்லி முடித்தன.

“மான்கள் நடக்கும் அந்தத் தடம் உன் வளைக்கு முந்தியது. நீதான் வேறிடம் பார்க்க வேண்டும்,” என்றது காட்டெருமை. “ஆனால் குட்டி உன் வாலில் தொற்றிக்கொண்டு வெளியே வரும்வரை எந்த மானும் அங்கே கால் வைக்கக் கூடாது!”

“இத்தனை பேசியும் தோற்றுவிட்டாயே!” என்று சிரித்தது மந்தி.

“தோற்றுத்தான் போனேன், வேறு மண் தேட வேண்டும். ஆனால் இதே தீர்ப்பு அந்தக் கொம்பின் கீழே வந்திருந்தால், சாகும்வரை நான் அதை நம்பியிருக்க மாட்டேன்!”

தோற்றவரும் நம்பும் தீர்ப்பு, எந்தச் சாமிக்கும் சொந்தமில்லாத இடத்திலிருந்துதான் வரும்.