பவுனம்மாள் கடையின் முதல் போணி

மடத்துக்குள் பவுனம்மாள் ஓடிவந்த வேகத்தில் ஒரு செருப்பு காலோடு உள்ளே வந்துவிட்டது. அதைத் திரும்பப் போய் வாசலில் விட்டுவிட்டு, மறுபடியும் ஓடிவந்தாள்.

“அம்மா, மெஷின் வந்துருச்சு!”

தமயந்தி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். வயதில் பவுனம்மாளுக்கு இளையவர்தான். ஆனாலும் பவுனம்மாளுக்கு அவர்தான் குரு. மனசு சஞ்சலப்பட்டால் அவரிடம்தான் வருவாள். சஞ்சலப்படாத நாள் அவளுக்குக் குறைவு.

“எந்த மெஷினு?”

“இட்லி மாவு அரைக்கிற மெஷினும்மா! அண்டா அரிசியை அப்படியே போடலாம். அரசாங்க மானியம் கிடைச்சிருச்சு. டவுனுக்குக் கூட்டிட்டுப் போய் ஓட்டவும் கழுவவும் சொல்லிக் குடுத்தாங்க. மகளிர் குழுவுல கொட்டகை போட்டுக் குடுத்தாங்க. கரண்டும் இழுத்தாச்சு. நாளைக்குக் கடை திறக்குறேன்.”

“நல்லது.”

“என்ன நல்லது? நெஞ்சு திக்கு திக்குங்குது. எல்லா உதவியும் வந்துருச்சு. இன்னும் என்ன துணை எனக்குக் குறையுது? அதை மட்டும் சொல்லுங்க.”

அம்மா ஒரு காம்பை ஒடித்துப் போட்டார்.

“நாளைக்கு நான் கடைக்கு வர்றேன்” என்றார்.

பவுனம்மாள் வீடு வரைக்கும் தரையில் கால் பாவாமல் நடந்தாள். அம்மா கையால் போணி! முன்பு அவள் வைத்த இட்லிக் கடை ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாண்டவில்லை. அதில் முதல் போணி செய்தவர் பாதி இட்லியை இலையில் வைத்துவிட்டு எழுந்து போனவர். கடை படுத்ததற்கு அந்தக் கைதான் காரணம் என்று இன்றைக்கும் நம்புகிறாள். இந்தக் கடையும் படுத்தால் இன்னொரு தடவை எழ அவளுக்குத் தெம்பில்லை.

மறுநாள் கொட்டகையில் வாழைக்கன்று, மாவிலை, மெஷினுக்குக் கதம்ப மாலை. அதற்கு அடுத்த நாள் ஊரில் அம்மன் பொங்கல். வீட்டுக்கு வீடு விருந்தாளி. அண்டாவும் குண்டானுமாக வாசலில் வரிசை நின்றுவிட்டது.

“கொஞ்சம் பொறுங்க. அம்மா வந்துரட்டும். அவங்க கையாலதான் போணி.”

“என்ன மதினி, மெஷினுக்கு மாலை போட்டு உட்கார வச்சிருக்கீங்க?” என்றான் வரிசையில் நின்ற சடையாண்டி. “மாப்பிள்ளை இன்னும் வரலையோ?”

வரிசை சிரித்தது. பவுனம்மாளும் சிரித்தாள். ஒரு கண் பாதையிலேயே இருந்தது.

வெயில் ஏறியது.

“ஏன் பவுனு, எங்க கையில என்ன முள்ளா முளைச்சிருக்கு?” முதலில் நின்ற வீராயி அண்டாவை இறக்கி வைத்தாள். “உளுந்து நுரை தள்ளுதுடி. இந்த வெயிலுக்குத் தாங்காது.”

“கோவிச்சுக்காதீங்கக்கா. இந்தா வந்துருவாங்க.”

“இதையேதான் வந்ததுலயிருந்து சொல்ற.”

அப்போது தெருமுனையில் ஹாரன் கேட்டது. டவுனிலிருந்து பாக்கெட் மாவு கொண்டுவரும் வேன்.

வரிசையில் சலசலப்பு. ஒருத்தி குண்டானை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி.

“ஊற வச்சது மாட்டுக்கு ஆச்சு. ரெண்டு பாக்கெட் வாங்கிட்டுப் போறேன்” என்றாள் போகிறவள்.

பவுனம்மாள் போகிறவர்களையே பார்த்தாள். பாக்கெட்டுக்குப் பழகிவிட்டால் இந்தப் பக்கம் யார் வருவார்கள்? சுவிட்சில் கை வைத்தாள். இட்லியை வைத்துவிட்டுப் போனவரின் முதுகு கண்ணில் வந்தது. கையை எடுத்துவிட்டாள்.

தலையை நீட்டிப் பாதையைப் பார்த்தாள். பாதையில் யாருமில்லை. வரிசையின் கடைசியில், கையில் தூக்குவாளியோடு தமயந்தி அம்மா நின்றிருந்தார்.

“அம்மா!”

பவுனம்மாள் பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்தாள்.

“இங்க ஏன் நிக்கிறீங்க? வாங்க, வாங்க, முன்னால வாங்க! உங்களுக்காகத்தானே மெஷினை ஓட்டாம வச்சிருக்கேன்.”

அம்மா நகரவில்லை.

“எனக்கு முன்னால ஆளு இருக்காங்களே.”

“அவங்க நிப்பாங்கம்மா. நீங்க முதல்ல போடுங்க. கடைக்கு உங்க துணை வேணும்.”

அம்மா தூக்குவாளியின் மூடியைத் திறந்து காட்டினார். தெளிந்த தண்ணீருக்கு அடியில் அரிசி கல்லுக் கல்லாகக் கிடந்தது.

“நான் இப்பத்தான் தண்ணி ஊத்திக் கொண்டாந்தேன், பவுனம்மா” என்றார். “இவங்க எல்லாம் உன் கடையை நம்பி விடியுறதுக்கு முன்னாலயே ஊறப் போட்டுட்டாங்க.”