இறைவனை அதட்டிய வேம்பியம்மை

இலுப்பைவனநாதர் கோயில் மடைப்பள்ளிக்குப் பின்புறம் நெல் குத்திப் பிழைத்தவர் வேம்பியம்மையார். உலக்கையை ஓங்கும்போதெல்லாம் அவர் வாய் "சிவசிவ" என்னும். குத்திய அரிசி கோயிலுக்கு. புடைக்கையில் ஒதுங்கும் நொய்யும் தவிடும் அவருக்குக் கூலி. அந்த நொய்யைக் கஞ்சி காய்ச்சி, பசித்து வந்தவருக்கு ஓர் அகப்பையாவது ஊற்றிய பிறகே தாம் குடிப்பார். அவருக்குத் தெரிந்த பூசை அதுதான்.

மழை பொய்த்த ஆண்டு வந்தது. வானம் செய்ததையாவது பொறுக்கலாம். மனிதன் செய்ததை எப்படிப் பொறுப்பது? ஊர் நெல்லையெல்லாம் அடிமாட்டு விலைக்கு வாங்கிக் களஞ்சியத்தில் போட்டுப் பூட்டினான் வணிகன் கடம்பநாதன். காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. தாலியை விற்றுக்கொண்டு வந்தவளிடம், "நேத்தே வந்திருக்கலாமே" என்று இளித்தான், பாவி. கோயிலுக்கு நெல் அளப்பவனும் அவனே. ஆகவே கூலி நொய்யின் மேலும் கண் வைத்தான்.

"நொய்யும் இப்ப நல்ல விலைக்குப் போகுது. நீ தவிட்டை மட்டும் எடுத்துக்க."

அம்மையார் கொதித்துப் போனார். தம் பட்டினி அவருக்குப் பழகியதுதான். ஆனால் அடுத்த குடிசையில் செங்கழனிக்குப் பால் வற்றிவிட்டது. அவள் பச்சைக் குழந்தை இந்த நொய்க்கஞ்சியின் தெளிவைக் குடித்துத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"கைக்குழந்தை செத்துப்போகுமய்யா," என்றார்.

"உன் சாமிகிட்டப் போய்ச் சொல்லு. அவர் குடுப்பார்." உடனிருந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

சொல்லத்தான் போனார். ஐப்பசிப் பௌர்ணமி அன்று அன்னாபிஷேகம். சிவலிங்கத்தை வடித்த சோற்றால் மூடி அலங்கரிக்கும் நாள். அந்த ஆண்டு உபயம் கடம்பநாதனுடையது. ஊர் வயிற்றில் அடித்தவனுக்குத் தர்மவான் என்ற பெயரும் வேண்டியிருந்தது, வெட்கங்கெட்டவன். குருக்கள் சோற்றைச் சாத்தத் தொடங்கினார். எழ முடியாமல் கிடந்த தாயிடமிருந்து குழந்தையை ஏந்தி வந்து வெளி மண்டபத்தில் நின்ற அம்மையார், கருவறையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்.

"ஊரே வயிறு ஒட்டிக் கெடக்கு. நீ சோத்தைப் போத்திக்கிட்டு நிக்கப் போறியா? எங்கே, போத்திக்க பாப்போம்."

பக்தர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அவரைப் பிடித்து வெளியே தள்ளச் சொன்னான் கடம்பநாதன். அதற்குள் சாத்திய சோறு மொத்தமாகச் சரிந்து விழுந்தது. குருக்கள் மறுபடியும் சாத்தினார். மறுபடியும் சரிந்தது.

"நிக்கமாட்டேங்கறதே," என்றார் குருக்கள்.

அப்போது கருவறையுள்ளிருந்து எல்லாரும் கேட்க ஒரு குரல் எழுந்தது. "வேம்பி நம் மகள். அவள் கோபம் நம் கோபம். இந்த ஊரில் உலை ஏறும்வரை நமக்குச் சோறு வேண்டாம். களஞ்சியத்தைத் திற."

வெலவெலத்துப்போன கடம்பநாதன் சாவிக்கொத்தை நீட்டினான். ஊரார் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார்கள். அம்மையார் ஓடவில்லை. சரிந்த சோற்றில் ஒரு கை கேட்டு வாங்கி, வெந்நீரில் கரைத்து, குழந்தையின் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டார். அது சப்புக்கொட்டியது. அதுவரை கல்லாக இருந்தவர் அப்போதுதான் உடைந்து அழுதார்.

தெருவெல்லாம் அடுப்புப் புகைந்த பிறகு குருக்கள் மீண்டும் சாத்தினார். சோறு நின்றது. பிறர் பசிக்காகத் தம் இறைவனையே அதட்டிய அந்த அம்மையின் திருவடிக்கு நம் தலை தாழட்டும்.