தங்கமீன் கொடுத்த குரல்

மீன்களும் வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், தங்கமீனைப் போல வாயாடி வேறு யாரும் இல்லை. தவளைக்கோ குரலே கிடையாது. காற்று ஊதினாற்போல் ஒரு கிசுகிசுப்பு, அவ்வளவுதான். நம்ப மாட்டீர்கள். முதலில் கேளுங்கள், பிறகு வழக்காடலாம்.

நாகப்பட்டினத்தில் தையல்நாயகி என்றொருத்தி இருந்தாள். கப்பலில் போய்வந்த அவள் கணவன் கீழ்க்கடல் நாட்டிலிருந்து இரண்டு தங்கமீன்களைக் கொண்டுவந்தான். ஒருத்தி செம்பி, எதற்கும் எதிர்வாதம் வைத்திருப்பாள். அவள் துணை உருண்டையன். பெயருக்கேற்ற வயிறு, விசிறி போல வால், பேச்சு குறைவு. அகன்ற மண்தொட்டியில் கூழாங்கல் பரப்பி இரண்டையும் வளர்த்தாள் தையல்நாயகி.

அவள் வீட்டுச் சுத்தம் தெருவுக்கே தெரியும். தண்ணீர் மாற்ற அவள் வந்தால் போதும், செம்பி தலையை நீட்டிவிடுவாள்.

"கால்வாசி மட்டும் மொண்டு ஊத்துங்கக்கா. மிச்சம் இருக்கட்டும்."

"கல்லெல்லாம் வழவழன்னு கிடக்குடி. தேய்க்க வேணாமா?"

"அந்த வழவழப்புதான் எங்க கழிவைத் தின்னு எங்களை உயிரோட வச்சிருக்கு. தயிருக்கு உறைமோர் ஊத்துறீங்களே, அது நேத்தையது தானே?"

"பேச்சைப் பாரு. அடுத்தது என்ன, பசிக்குதா?"

"பசிக்கத்தான் செய்யுது. அது வேற வழக்கு."

இதுதான் வினை. எந்த வாதமும் கடைசியில் பசியில் போய் முடிந்ததால், செம்பி சொன்ன மற்றதையும் யாரும் காதில் வாங்கவில்லை. இருந்தாலும் தொல்லை தாங்காமல் தையல்நாயகி கால்வாசியோடு நிறுத்திக்கொள்வாள்.

போகி வந்தது. அன்று பழையது எதுவும் வீட்டில் தங்கக்கூடாது. வெளியே போட்டதை எடுத்தவருக்கே அது சொந்தம், திருப்பிக் கேட்கவும் கூடாது. இது ஊர்வழக்கம். தையல்நாயகி மீன்களைக் குடத்தில் விட்டுவிட்டு, தண்ணீரையும் கல்லையும் கொல்லையில் கொட்டினாள். தொட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். குடத்துக்குள்ளிருந்து செம்பி போட்ட கூச்சலைக் கேட்டும் கேட்காதவள்போல், புதுக் கிணற்றுநீரை நிரப்பி மீன்களை விட்டாள்.

உச்சிவேளைக்குள் உருண்டையன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தான். செவுள் சிவந்து, மூச்சு இழுத்தது.

தையல்நாயகி தொட்டிமேல் குனிந்தாள். "என்னடி செய்யணும்? சொல்லு." அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை.

"கொட்டின கல்லும் தண்ணியும் வேணும்."

கொல்லையில் ஓர் உடைந்த உரல். கொட்டியதெல்லாம் அதன் குழியில் தேங்கியிருந்தது. அதில் சுகமாகக் கிடந்தது ஒரு தவளை. அது பேசியதைக் கேட்கக் குனிய வேண்டியிருந்தது.

"போகிக்குப் போட்டீங்க, நான் எடுத்தேன். மழைக்காலம் முழுக்க ஒருத்தியைக் கூப்பிட்டுப் பார்த்தேன், யார் காதுலயும் விழல. அந்த மீனோட குரலைக் குடுத்தா இடத்தைக் காலி பண்றேன்."

தையல்நாயகி திரும்பி வந்து தவளை கேட்டதைச் செம்பியிடம் சொன்னாள். "குரலை விட்டுட்டா நீ எப்படிடி வழக்காடுவ?"

"அவன் போயிட்டா யார்கிட்ட வழக்காடுறது? குடுத்துடுங்க. அதுக்கு முன்னால ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன்."

பசி என்றுதான் சொல்லப்போகிறாள் என்று தையல்நாயகி நினைத்தாள்.

"கால்வாசி, அக்கா."

அத்தோடு குரல் போயிற்று. கொல்லையில் தவளை ஒரு கத்துக் கத்தியது. தெருநாய்கள் எழுந்து ஓடின.

தையல்நாயகி வழவழத்த கற்களைக் கழுவாமல் முந்தானையில் அள்ளிக்கொண்டாள், தண்ணீரைக் குடத்தில் மொண்டுகொண்டாள். அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "போகியும் அதுவுமா அழுக்கை உள்ளே கொண்டுபோறியே, தாயே?"

"உறைமோர்," என்றாள் தையல்நாயகி.

பொழுது சாய்வதற்குள் உருண்டையன் நிமிர்ந்துவிட்டான். அதன்பின் இருபது போகி வந்து போயின. அவள் ஒருமுறைகூடக் கால்வாசிக்கு மேல் மொண்டதில்லை. இரண்டும் அதே தொட்டியில் வாழ்ந்தன.

அன்றிலிருந்துதான் மழை பெய்தால் தவளை ஊரைக் கூட்டுகிறது. தொட்டியருகே யார் வந்தாலும் தங்கமீன் சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. நாமும் பசிதான் என்று முடிவுகட்டி ஒரு பிடித் தீனி போட்டுவிட்டுப் போகிறோம். அது சொல்வதில் பாதிதான் பசி. மீதிப் பாதி, "கால்வாசி, அக்கா."