வாகைக் கிளையும் புதுக் காரும்

அரிசி ஆலை முதலாளி அர்த்தநாரியின் வீட்டு வாசலில் பெரிய வாகை மரம் ஒன்று நின்றது. கல்யாணப் பந்தலுக்கு இடைஞ்சலான கிளையை வெட்ட, மரம் வெட்டும் செங்கோடனை வரவழைத்திருந்தார். அவன் இடுப்பில் கட்டிக்கொள்ளும் கயிற்றை எடுத்து உதறியதும் முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டது.

"கயிறு கட்டிட்டிருந்தா பொழுது போயிரும். பந்தல்காரங்க காத்திருக்காங்க. சும்மா ஏறுடா!"

"கிளையடியில வெடிப்புத் தெரியுதுங்க முதலாளி. ஒடிஞ்சா எம் பொண்டாட்டி புள்ளைக கதி?"

"எங்க தாத்தன் வெச்ச மரம்டா. யானை ஏறினாலும் ஒடியாது. நீ ஏறலைன்னா இந்த ஊர்ல உனக்கு இனி வேலையே இல்ல."

செங்கோடன் பணிவாகக் கைகூப்பினான்.

"முதலாளி சொன்னா சரியாத்தானுங்க இருக்கும். உங்க புதுக் காரு பாவம், வெயில்ல நிக்குது. அதை இந்தக் கிளைக்கடியில நிறுத்தச் சொல்லுங்க. இப்பவே ஏறிர்றனுங்க."

"அட கிறுக்கா, கிளை ஒடிஞ்சு காரு மேல விழுந்தா?" என்று பதறினார் அர்த்தநாரி.

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது அவருக்கே உறைத்தது. பந்தல்காரர்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். செங்கோடன் மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து, இடுப்பில் கயிற்றைச் சுற்றத் தொடங்கினான்.

அர்த்தநாரி தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"அவசரமில்ல செங்கோடா. நல்லா இறுக்கிக் கட்டிக்கோ."