முன்னால் போன படகு

கழிமுகத்தில் பழுதாகி நிற்கும் உல்லாசப் படகுகளைக் கரைக்கு இழுத்து வருவது பிலோமினாவின் தொழில். ஒரு ஞாயிற்றுக்கிழமை, படகு கிளப் தலைவர் தணிகாசலத்தின் புதுப் படகே இன்ஜின் நின்றுபோய் நடுநீரில் மிதந்தது. காற்று அதைப் பாறைப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தது.

பிலோமினா கயிற்றை வீசினாள். அவர் அதைத் தொடவில்லை.

"இந்தாம்மா, கரையில கிளப்பே நிக்குது. உன் படகுக்குப் பின்னால நான் வர்றதை ஒருத்தரும் பார்க்கக் கூடாது. ஆனா நான் கரைக்கும் போயாகணும்."

"அதுக்கென்ன ஐயா, நீங்களே முன்னால போங்க!" என்றவள், தன் படகை அவர் படகின் பின்புறத்தோடு இறுக்கிக் கட்டி, தள்ளிக்கொண்டே வந்தாள்.

கரையில் ஒரே கைதட்டல். "பிலோமினா படகையே தலைவர் இழுத்துட்டு வந்துட்டாரு!"

அவரும் பெருமையாகக் கையசைத்தார்.

அதற்குள் ஒருவர் ஓடி வந்தார். "தலைவரே, அங்க இன்னொரு படகு நின்னுபோச்சு. அதையும் இழுத்துட்டு வந்துடுங்க!"

தலைவர் பிலோமினாவைப் பார்த்தார். அவள் வானத்தைப் பார்த்தாள்.

"என் இன்ஜினே செத்துப்போச்சுய்யா," என்றார் கடைசியில். "என்னைத் தள்ளிட்டு வந்ததே இந்தம்மாதான்."

கூட்டம் சிரித்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரு டீ சொல்லி வைங்க ஐயா, இதோ வந்துடறேன்," என்று பிலோமினா அந்தப் படகை நோக்கிக் கிளம்பினாள்.