கையை விடுங்க அண்ணாச்சி

தெய்வக்கனி கேட்டது ஒன்றே ஒன்றுதான். எதிராளி எழுந்திருக்க முடியாதபடி ஓர் அடி.

"ஒரே அடி மாஸ்டர். மத்ததெல்லாம் எனக்கு வேண்டாம்."

மரியசூசை மாதா கோயில் மைதானத்தில் பாய் விரித்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை சாயங்காலங்களில் அங்கே பெண்களுக்குத் தற்காப்பு சொல்லிக்கொடுப்பவர். வயது முப்பத்தொன்று. தெய்வக்கனிக்கு நாற்பத்து நான்கு. அவர் இவளை அக்கா என்பார். இவள் அவரை மாஸ்டர் என்பாள்.

யாரை அடிக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. அவளே கொட்டித் தீர்த்தாள்.

இரண்டு வாரமாக ஒருவன் பின்னாலேயே வருகிறான். யார் எவர் என்று தெரியாது. நேற்றுக் காலை பள்ளிக்கூடத்துச் சமையலறையைத் திறக்கப் போகும்போது, சந்தைத் தெரு டீக்கடைக்கு எதிரே கையைப் பிடித்துவிட்டான். இருபது அடி இழுத்துக்கொண்டு போனான். மூன்று மாதம் படித்த பிடியும் முறுக்கும் ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை. விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டாள். திங்கட்கிழமை பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் விட்டான்.

வேலையை விட்டுவிடு என்கிறான் கூடப் பிறந்த தம்பி. எட்டு வருடமாக அவள் கையால் திறக்கிற பூட்டு. பள்ளிக்கூடத்துக்கு வேறு வழியும் கிடையாது.

ஆனால் அவளுக்குக் கையைப் பிடித்தவன் மேல் இருந்த ஆத்திரத்தைவிட டீக்கடையில் இருந்தவர்கள் மேல்தான் அதிகம். ஏழு பேர். ஒவ்வொருவரையும் சொன்னாள். வாழைக்காய்க் கடைக்காரர், கையில் வடை. இடுப்பில் கட்டம் போட்ட சாரம் கட்டினவன், டீயை ஆற்றிக்கொண்டிருந்தான். பேப்பர் படித்தவர் பேப்பரை இறக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தூக்கிக்கொண்டார். அந்த வாழைக்காய்க் கடையில் இனி செத்தாலும் காய் வாங்கமாட்டாள்.

"ஏழு ஆம்பளை. ஏன் மாஸ்டர் ஒருத்தனும் எந்திரிக்கல?"

மரியசூசை விரித்த பாயைச் சுருட்டினார்.

"வாங்க யக்கா. போய்ப் பாப்போம்."

சந்தைத் தெரு ஊரின் மறுகோடி. அங்கே மாஸ்டரை யாருக்கும் தெரியாது. டீக்கடையில் ஏழு பேரில் ஐந்து பேர் அதே இடத்தில் இருந்தார்கள். வாழைக்காய்க் கடைக்காரர் கையில் இன்றைக்கும் வடை.

கடைக்கு எதிரே வந்ததும் மரியசூசை சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நேத்து என்ன சொன்னியளோ, அதையே சொல்லுங்க."

"மாஸ்டர்..."

"சொல்லுங்க."

அவள் கையை உதறினாள். "கையை விடுங்க அண்ணாச்சி. ஐயோ, விடுங்க அண்ணாச்சி."

ஐந்து தலைகள் திரும்பின. நேற்று பெரிய அண்ணன், இன்றைக்குச் சின்ன அண்ணன் போல என்று யாரோ சொல்ல, இன்னொருவர் சிரித்தார். வீட்டுச் சண்டையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கல்லாவிலிருந்து ஒரு குரல் வந்தது. தலைகள் டீக்குத் திரும்பிவிட்டன.

தெய்வக்கனிக்கு உச்சந்தலை வரை எரிந்தது.

"இப்ப எனக்கு உங்களைத் தெரியாது," என்றார் மரியசூசை, அவளுக்கு மட்டும் கேட்கும்படி. "உங்களுக்கு நான் யாரு?"

அவள் வாயைத் திறந்தாள். வரவில்லை. பஸ்ஸில் காலை மிதித்தவனைக்கூட அண்ணாச்சி என்று சொல்லியே பழகிய நாக்கு. அவர் பிடியை இறுக்கி ஓர் அடி இழுத்தார். பிறகு இன்னோர் அடி. விளக்குக் கம்பம் அவளைத் தாண்டிப் போனது.

நேற்றுப் பட்டது, கேட்ட சிரிப்பு, அந்த வடை, எல்லாம் சேர்ந்து தொண்டைக்கு வந்தது.

"யாருல நீ?"

தெருவே திரும்பியது.

"கைய விடுல. இவன் யாருன்னே எனக்குத் தெரியாது. யாருல நீ?"

பெஞ்சில் டம்ளர்கள் வைக்கப்படும் சத்தம் கேட்டது. முதலில் வந்தது கட்டம் போட்ட சாரம். அவன் அடி மாஸ்டரின் வாயில் விழுந்தது. இரண்டாவது வாழைக்காய்க் கடைக்காரர். வடையைக் கீழே போட்டிருந்தார்.

மரியசூசை கையைத் தூக்கவே இல்லை. தெய்வக்கனிதான் குறுக்கே புகுந்து, இவர் என் மாஸ்டர், விட்டுவிடுங்கள் என்று கத்தி நிறுத்தினாள். நடந்ததைச் சொன்னாள். நேற்று நடந்ததையும் சொன்னாள்.

வாழைக்காய்க் கடைக்காரர் தலையைச் சொறிந்தார்.

"நேத்து அவனை அண்ணாச்சின்னு கூப்பிட்டியளேம்மா. சொந்தக்காரன்னுல்லா நெனச்சோம்."

தெய்வக்கனி அவரைப் பார்த்தாள்.

"சொந்தக்காரன்னா இழுத்துட்டுப் போலாமா?"

பேப்பர்காரர் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கட்டம் போட்ட சாரம்தான் மெல்லக் கேட்டான். எட்டு மணி என்றாள். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

திரும்பி நடக்கும்போது மாஸ்டரின் உதடு வீங்கியிருந்தது. குழாயடியில் நின்று வாய் கொப்பளித்தார். தண்ணீர் சிவப்பாக ஓடியது.

"ரொம்ப வலிக்கா மாஸ்டர்?"

அவர் இன்னொரு தடவை கொப்பளித்துத் துப்பினார். தாடையை அப்படியும் இப்படியும் அசைத்துப் பார்த்தார்.

"நீங்க கேட்ட அடிதான் யக்கா. நல்லாத்தான் விழுது."