கொசுறுக் கரண்டி

முன்னொரு சமயம் கரிசல் பக்கத்து ஊர் ஒன்றில், தீப்பெட்டி ஆபீஸ் இருக்கிற தெருவில், ஒரு கிரைண்டரும் ஒரு ஃப்ரிட்ஜும் ஒரு எடை மெஷினும் ஒரு குழிக்கரண்டியும் சேர்ந்து ஒரு குடும்பத்தைக் காப்பாற்றி வந்தன.

குடும்பம் குருவம்மாளுடையது. அவள் புருஷன் சோலையப்பன் லாரி செட்டில் லோடு ஏற்றுகிறவன். மகள் தங்கமாரி திருநெல்வேலியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். சோலையப்பன் கொண்டுவருவது வாடகைக்கும் அரிசிக்கும் சரியாய்ப் போய்விடும். மகளுக்குப் பீஸ் கட்டத்தான் குருவம்மாள் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தாள்.

அந்த வீட்டில் சாமான்கள் பேசும். குருவம்மாளுக்குக் கேட்கும், அவளும் பதில் பேசுவாள். அதில் யாருக்கும் ஆச்சரியம் இருந்ததில்லை.

கிரைண்டருக்குப் பெரிய தொண்டை. "நான் சுத்தினாத்தான் இந்த வீடு சுத்தும்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லும். ஃப்ரிட்ஜ் அதிகம் பேசாது. பேசினால் எதிராளி சில்லிட்டுப் போவார். எடை மெஷின் கடைசியாக வந்தது. சிவப்பு எழுத்தில் எண் காட்டும். பொய் சொல்லத் தெரியாது. கரண்டி, குருவம்மாளின் கல்யாணச் சீரோடு வந்தது. மற்றவை அவளை அம்மா என்று கூப்பிடும்போது, கரண்டி மட்டும் குருவு என்று கூப்பிடும்.

காலையிலும் சாயங்காலத்திலும் தெருச் சனங்கள் தூக்குவாளியும் சட்டியுமாக வந்து நிற்பார்கள். குருவம்மாள் சட்டியை எடை மெஷின் மேல் வைத்து, ஒரு கிலோ வரும்வரை ஊற்றுவாள். அப்புறம் இன்னும் ஒரு கரண்டி அள்ளுவாள்.

"இது பிள்ளைக்கு" என்பாள். பிள்ளை இல்லாத வீடாக இருந்தால், "இது நாளைக் காலையில உங்களுக்கு" என்பாள். அந்த ஒரு கரண்டி சாய்கிற நேரத்தில்தான், "காய்ச்சல் விட்டுதா? தம்பி போன் பண்ணானா?" என்று நாலு வார்த்தை போய்வரும். கரண்டிக்கு அந்த நேரம் பிடிக்கும். அவசரமில்லாமல் சாயும்.

வியாபாரம் முடிந்த ஒரு மத்தியானம் எடை மெஷின் பேச்செடுத்தது.

"அம்மா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"மாசம் பூரா மாவு ஓடுது. பீஸ் கட்டுற நேரத்துல மட்டும் கையில ஒண்ணும் இல்ல. எங்க போகுதுன்னு யோசிச்சீங்களா?"

"எங்க போகுது?"

எடை மெஷின் கரண்டியைப் பார்த்தது. "அது வழியாத்தான்."

"அப்படிச் சொல்லு!" என்றது கிரைண்டர். "கல்லு தேய அரைக்கிறது நான். அள்ளி ஊத்திட்டு நல்ல பேர் வாங்குறது அந்தக் கரண்டி."

"நான் கரண்ட் செலவு பண்ணிக் காப்பாத்துறேன். காலையில சும்மா போகுது" என்றது ஃப்ரிட்ஜ்.

குருவம்மாள் முந்தானையால் கையைத் துடைத்தாள். "ஒரு கரண்டிதானப்பா."

"ஒரு ஆளுக்கு ஒரு கரண்டி. அத்தனையையும் ஒண்ணா என் மேல ஏத்திப் பாருங்க. தினமும் பாதி வாளி மாவு சும்மா போகுது."

குருவம்மாள் கரண்டியிடம் திரும்பினாள். "நீ என்ன சொல்லுத?"

கரண்டிக்கு வாதாடத் தெரியவில்லை. "அது சொல்றது நெசந்தான், குருவு. எனக்குக் கணக்குத் தெரியாது. உன் கை சாஞ்சா நானும் சாய்வேன், அவ்வளவுதான்."

அந்த வாரம்தான் தங்கமாரி போன் செய்திருந்தாள். பீஸ் தாமதமானால் பரீட்சைக்கு உட்கார விடமாட்டார்களாம். அவள் அழவில்லை. அழாமல் சொன்னதுதான் குருவம்மாளை உறுத்திக்கொண்டே இருந்தது. மறுநாள் அவள் பிளாஸ்டிக் கவர் கட்டும் ரப்பர் பேண்டும் வாங்கிவந்தாள். அன்று முதல் மாவு பாக்கெட்டில் போனது. ஒரு கிலோ என்றால் ஒரு கிலோ. கரண்டி அடுப்புக்கு மேலே ஆணியில் ஏறியது.

பலன் இல்லாமல் போகவில்லை. அந்த மாதம் பீஸை முதல் முறையாகக் கெடுவுக்கு முன்னாலேயே கட்டினார்கள். குருவம்மாள் தனக்கென்று ஒரு ஜோடி செருப்புகூட வாங்கினாள். ஆணியில் தொங்கிய கரண்டிக்கும் அவள் முகத்தைப் பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. 'இத்தனை வருஷமா இந்த வீட்டை நான்தான் தின்னுக்கிட்டு இருந்தேனோ' என்று நினைத்துக் கூசிப்போனது.

ஆனால் வாசலில் சத்தம் குறைந்துவிட்டது. கை நீளும், பாக்கெட் போகும், காசு வரும். ஆணியிலிருந்து பார்த்தால் கைகள் மட்டும்தான் தெரிந்தன. பழக்கதோஷத்தில் தூக்குவாளியோடு வந்தவர்கள் பாக்கெட்டை அதற்குள் போட்டு எடுத்துப் போனார்கள். கொஞ்ச நாளில் தூக்குவாளியும் வரவில்லை.

பிறகு தெருமுனையில் ஒரு புதுக்கடை வந்தது. கண்ணாடிக் கதவு வைத்த ஃப்ரிட்ஜ், உள்ளே வரிசையாக மாவுப் பாக்கெட், விலையும் கொஞ்சம் கம்மி. ஒவ்வொருவராக அந்தப் பக்கம் போய்விட்டார்கள்.

"ஒரு ரூபாய்க்காக அங்க போறாங்க பாரு! எத்தனை நாள் அள்ளி அள்ளி ஊத்தியிருப்பேன்!" என்று குருவம்மாள் கொதித்தாள்.

"குருவு" என்று கரண்டி மெதுவாகக் கூப்பிட்டது. "அங்கயும் பாக்கெட்டு, இங்கயும் பாக்கெட்டு. அவங்களுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்?"

"நீ சும்மா கிட" என்றாள் அவள்.

சித்திரை வெயில் வந்தது. மாவு மிஞ்சியது. ஒருநாள் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜுக்கு வேர்த்து வடிந்தது. "என்னால ஆகலம்மா" என்றது. பாக்கெட்டுகள் உப்பி வெடித்தன, அண்டா மாவு பொங்கிப் புளித்தது. அந்த வாரத்தில் மாவைக் கொட்டுவது அது முதல் தடவையும் இல்லை.

சோலையப்பன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு சொன்னான்: "கிரைண்டரைக் குடுத்துருவோம் குருவம்மா. செகண்ட் ஹேண்டுல எடுக்கிற ஆளு இருக்கான். அடுத்த பீஸுக்காவது ஆகும்."

வியாபாரி வந்து கிரைண்டரைத் தட்டிப் பார்த்தான். கல்லைத் தூக்கிப் பார்த்தான். அட்வான்ஸ் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வருவதாகச் சொல்லிப் போனான்.

பெரிய தொண்டைக்காரனுக்கு அன்று குரலே எழவில்லை. வெகுநேரம் கழித்து ஆணிப் பக்கம் பார்த்துச் சொன்னது: "உன்னை அங்க மாட்டினப்ப எனக்கு ஒண்ணும் தோணல. இப்பத் தோணுது."

"விடு. போகமாட்ட" என்றது கரண்டி. எந்தத் தைரியத்தில் சொன்னோம் என்று அதற்கே தெரியவில்லை.

குருவம்மாள் புளித்த மாவைச் சாக்கடையில் கொட்டுவதற்காக அண்டாவைத் தூக்கினாள்.

"அம்மா, கொட்டுறதுக்கு முந்தி என் மேல வைங்க" என்றது எடை மெஷின்.

"இனிமே எடை போட்டு என்ன செய்ய?"

"வைங்கம்மா."

வைத்தாள். சிவப்பு எண்கள் துள்ளி நின்றன. எடை மெஷின் கணக்குச் சொன்னது.

"இந்த வாரம் மட்டும் நாம கொட்டினது, கரண்டி ரெண்டு வாரம் பூரா குடுத்ததைவிட அதிகம். அன்னைக்கி நான் பொய் சொல்லல. ஆனா போனதை மட்டும்தான் எடை போட்டேன், அதால வந்ததைப் போடல."

குருவம்மாள் அண்டாவை மறுபடி தூக்கினாள். அண்டாவோடு வாசலுக்கு வந்தபோது எதிர்வரிசை வீட்டு ரெஜினா நின்றிருந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டுகிறவள். கையில் தூக்குவாளி.

"யக்கா, கொட்டப்போறீங்களா? கொட்டாதீங்க. பணியாரம் ஊத்தலாம்."

"ஏன், கடையில பாக்கெட்டு தீந்துபோச்சாக்கும்?" என்றாள் குருவம்மாள்.

ரெஜினா முகம் சுண்டிப்போனது. ஆனாலும் நகரவில்லை. "இன்னைக்கிக் கேட்டுரணும்னுதான் வந்தேன். எங்க மேல உங்களுக்கு என்ன கோவம்க்கா?"

"எனக்கா? உங்க மேலயா?"

"திடீர்னு பாக்கெட்டக் கையில குடுத்தீங்க. முகம் பார்த்துப் பேசல. தெருவுல எல்லாரும், குருவம்மாக்கா யார் மேலயோ வருத்தமா இருக்காங்கன்னுதான் பேசிக்கிட்டோம். நம்ம மேலயா இருக்குமோன்னு ஆளாளுக்கு ஒதுங்கிட்டாங்க. பேசாம வாங்குறதுக்கு எந்தக் கடையில வாங்கினா என்ன?"

குருவம்மாள் அண்டாவை இறக்கிவைத்தாள்.

"பீஸு கட்டணும்ளா. அதுக்காகத்தான்..."

"அதைச் சொல்லியிருந்தா நாங்க வேண்டாம்னா சொல்லியிருப்போம்?" ரெஜினாவின் குரல் இறங்கியது. "எங்க வீட்டுல மாவு பார்த்துப் பார்த்துத்தான் ஊத்துவேன். ஆளுக்கு இத்தனை தோசைன்னு எண்ணித்தான் வைக்கணும். நீங்க ஊத்துற அந்தக் கடைசிக் கரண்டியில ஒரு தோசை வரும்லா? அது யாருக்குன்னு கணக்குக் கிடையாது. யார் இன்னும் வேணும்னு கேக்காங்களோ அவுங்களுக்கு. எண்ணாத தோசை எங்க வீட்டுல அது ஒண்ணுதான்க்கா."

ஆணியில் தொங்கிய கரண்டி கேட்டுக்கொண்டிருந்தது. தன்னிடமிருந்து சாய்ந்தது எந்த வீட்டில் போய் என்ன ஆகும் என்று அதற்கு இதுவரை தெரியாது. தட்டு நீட்டி இன்னொன்று கேட்கிற பிள்ளையை அது நினைத்துப் பார்த்தது.

குருவம்மாள் உள்ளே வந்து கரண்டியைக் கழற்றினாள். ரெஜினாவின் தூக்குவாளி வழிய வழியப் புளித்த மாவை ஊற்றினாள். ரெஜினா காசை நீட்டினாள், அவள் வாங்கவில்லை.

மறுநாள் காலையில் குருவம்மாள் புதிதாக மாவு அரைத்தாள். யாராவது வருவார்கள் என்று உட்கார்ந்திருக்கவில்லை. வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கையில் கரண்டியோடு தெருவில் இறங்கினாள்.

"எனக்கு வீடு தெரியாது குருவு. அவங்க கொண்டுவர்ற ஏனம்தான் தெரியும்" என்றது கரண்டி.

"எனக்குத் தெரியும், வா."

வீடு வீடாகப் போனாள். பச்சைத் தூக்குவாளி வீட்டில் பேத்தி பிறந்து பேர் வைத்தாகிவிட்டது. காது உடைந்த சட்டி வீட்டில் மகனுக்கு வேலை கிடைத்து ஓசூர் போய்விட்டான். இன்னொரு வீட்டில் இறப்பு. இவள் துக்கம் கேட்கப் போகாதது அப்போதுதான் தெரிந்து, வாளியை இறக்கிவிட்டு உட்கார்ந்து அழுதாள். பீஸ் விஷயத்தை யாரிடமும் ஒளிக்கவில்லை. ஒரு வீட்டில் மட்டும், "எங்களுக்குப் பாக்கெட்டுதாங்க சௌகரியம், வேலைக்கு ஓடணும்" என்றார்கள். "அதுவும் சரிதான்" என்று சிரித்துவிட்டு வந்தாள். மாவு ஊற்றிய நேரத்தைவிடப் பேசிய நேரம்தான் அதிகம். திரும்பி வந்தபோது வாளியில் விற்க மாவு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வியாபாரி வண்டியோடு வந்தான். குருவம்மாள் அட்வான்ஸை அப்படியே எடுத்து நீட்டினாள்.

"மன்னிச்சுக்கோங்கண்ணே. அது எங்க வீட்டு ஆளு. குடுக்கிறாப்புல இல்ல."

சோலையப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பின்வாசலில் கழுவிக் கவிழ்த்திருந்த காலி வாளியைப் பார்த்தான். உள்ளே போய் ஊறவைத்த அரிசியைக் கொண்டுவந்து கிரைண்டரில் போட்டான். அன்று கிரைண்டர் போட்ட சத்தத்தில் வியாபாரி வண்டி கிளம்பிய சத்தம்கூடக் கேட்கவில்லை.

அந்தத் தடவை பீஸைக் கொஞ்சம் தாமதமாகத்தான் கட்டினார்கள். ஆனால் கட்டினார்கள். தீப்பெட்டி ஆபீஸில் கோயில் கொடைக்கு எல்லாருக்கும் டிபன் போடுவதாக இருந்தது. ரெஜினா சொல்லி அந்த மாவு ஆர்டர் குருவம்மாளுக்கு வந்தது. அது கை கொடுத்தது. மாதக் கடைசியில் பெரிதாகக் காசு மிஞ்சியது என்று சொல்ல முடியாது. மாவும் மிஞ்சவில்லை.

ஒரு சாயங்காலம் வாசலில் கூட்டம் நின்றது. குருவம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். வரிசையாக அத்தனை சட்டிகள், அத்தனை தூக்குவாளிகள், எல்லாம் வாய் திறந்து அவளைப் பார்த்தபடி. இத்தனை நாளும் தான் அவர்களுக்கு அள்ளிக் கொடுத்ததாக நினைத்திருந்தாள். ஊரில் கடைக்கா பஞ்சம்? காலி ஏனத்தை எடுத்துக்கொண்டு இவர்கள் தன் வாசலைத் தேடி வந்து நிற்கிறார்களே என்று தோன்றியது. கரண்டி அவள் கையிலேயே நின்றது.

"என்னக்கா, மாவு இல்லையா?" என்று யாரோ கேட்டார்கள்.

"இருக்கு, இருக்கு. எல்லாருக்கும் இருக்கு."

முதல் சட்டியை எடை மெஷின் மேல் வைத்தாள். ஊற்றினாள். ஒரு கிலோ வந்து நின்றது. கரண்டியை மறுபடி அண்டாவுக்குள் விட்டாள்.

சிவப்பு எண்கள் சட்டென்று அணைந்தன.

"என்னடா, பேட்டரி போச்சா?" என்றாள் குருவம்மாள்.

"இல்லம்மா" என்றது எடை மெஷின். "என் வேலை கிலோவோட முடிஞ்சுது. நீங்க ஊத்துங்க."